கன்பூசியஸும் கூடத்து நாற்காலியும்

மேற்குத் தாம்பரத்து வீட்டில் பியூலாவுக்குக் காலையிலிருந்தே தலைகால் புரியவில்லை. எட்மண்ட் தன் அப்பாவோடு பெண் கேட்டு வருகிறான்! நாளை சாம்பல் புதன், லெந்து தொடங்குகிறது. அந்த நாற்பது நோன்பு நாட்களில் கல்யாணப் பேச்சை எடுக்கமாட்டார்கள். அது முடிவதற்குள் அவன் வேலைக்காகப் பிலாய் போய்விடுவான். இன்றைக்கே பேசி முடித்தாக வேண்டும்.

நடுவில் இந்தக் கன்பூசியஸ் குறுக்கே வந்து நிற்பார் என்று யார் கண்டது! பியூலாவின் அப்பா சத்தியநாதன் தலைமையாசிரியர். மாணவர்கள் பஸ்மேல் கல்லெறிகிற இந்தக் காலத்தில் பள்ளிக்கூடங்களைக் காப்பாற்ற அந்தச் சீனத்து ஞானியால்தான் முடியும் என்று போன மாதம் ஆசிரியர் சங்கத்தில் முழங்கியிருந்தார். பெரியவருக்கும் குருவுக்கும் உரிய மரியாதையைக் கொடுத்தால் நாடே நேராகிவிடுமாம். கை சிவக்கத் தட்டியவர் எட்மண்டின் அப்பா தனசிங்.

அந்தத் தனசிங் இப்போது கூடத்தில் இருந்த இரண்டே நாற்காலிகளுக்கு முன்னால் நின்றார்.

"உட்காருங்க அண்ணா," என்றார் சத்தியநாதன்.

"நீங்க முதல்ல உட்காருங்க சார்."

"வயசுல நீங்க பெரியவங்க."

"டிரெயினிங் ஸ்கூல்ல எனக்குப் பாடம் நடத்தினவங்க நீங்க. குரு நிக்கும்போது நான் உட்காரலாமா?"

தனசிங் வயது கடந்துதான் ஆசிரியர் பயிற்சிக்குப் போனார். அங்கே வாத்தியார் அவரைவிட இளையவரான சத்தியநாதன். வயசா, குருவா? கன்பூசியஸே நேரில் வந்தாலும் திருதிருவென்று முழித்திருப்பார்.

காபியில் ஆடை படிந்தது. பெண் கேட்கிற பேச்சை நின்றுகொண்டா பேசுவது? "இன்னொரு நாள் சாவகாசமா வரோமே," என்று தனசிங் குடையை எடுத்தார். எட்மண்ட் முகத்தில் ஈயாடவில்லை.

"அப்பா, ஜெபம் பண்ணிட்டுப் பேசலாமே!" என்று சொல்லிக்கொண்டே பியூலா பாயை விரித்துவிட்டாள்.

ஜெபத்தை யார் மறுப்பார்? எல்லோரும் முழங்காலிட்டுக் கண்ணை மூடினார்கள். சத்தியநாதனின் ஜெபம் லேசில் முடியாது. தாம்பரத்துத் தண்ணீர்ப் பஞ்சத்தில் தொடங்கி டெல்லி வரைக்கும் போகும். பியூலா மெல்ல எழுந்து ஒரு நாற்காலியைக் கொல்லைக்குக் கடத்தினாள். எட்மண்ட் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். மற்றதை அவனே தூக்கிக்கொண்டு போனான்.

"ஆமென்."

கண்ணைத் திறந்தால் கூடத்தில் நாற்காலியே இல்லை! முட்டி கடுத்துப்போன பெரியவர்கள் இருவரும் பாயிலேயே தொப்பென்று உட்கார்ந்தார்கள்.

"சார், உங்க பொண்ணை..."

"கொடுத்தேன் அண்ணா!"

பியூலா வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். எட்மண்டும் பின்னாலேயே ஓடினான். முருங்கை மரத்தடியில் இரண்டு நாற்காலிகளும் காலியாகக் கிடந்தன.

"நீ முதல்ல உட்காரு," என்றான் அவன்.

அவன் சொல்லி முடிப்பதற்குள் அவள் உட்கார்ந்துவிட்டாள்.