குழாய் காய்வதற்குள்

1

பத்திரிகைக்காரர் சமூக அக்கறையோடு ஒரு கதை கேட்டார். அக்கறை கைவசம் இல்லை. பல் டாக்டரிடம் காத்திருந்தபோது படித்த அறிவியல் கட்டுரை ஒன்று இருந்தது: நுண்துளைப் பாலிமர்கள். பாதிதான் புரிந்தது. கதைக்குப் பாதி போதும்.

2

புரிந்த பாதி இது. ஊசிக்குழல் மாதிரி சின்னக் குழாய். உள்ளே மாவு போலப் பாலிமர் மணிகள், ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரியாத துளைகள். முதலில் மெத்தனால் ஊற்றி நனைக்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் சோதிக்க வேண்டிய தண்ணீரை ஊற்றினால், தண்ணீர் இறங்கிவிடும், அதிலுள்ள நஞ்சு மாட்டிக்கொள்ளும். காய்ந்த பிறகு ஊற்றினால் நஞ்சும் தண்ணீரோடு கம்பி நீட்டிவிடும்.

3

ஆய்வகத்தில் அவளைச் 'சொட்டு' என்பார்கள். எதையும் சொட்டுச் சொட்டாகத்தான் ஊற்றுவாள். இன்று வந்திருப்பது அவளுடைய அக்கா குடியிருக்கும் அடுக்குமாடியின் கிணற்றுத் தண்ணீர். அக்காவுக்கு இது ஏழாம் மாதம். சொட்டு குழாயை நனைத்துவிட்டு, தண்ணீர் பாட்டிலைக் கையில் எடுக்கிறாள்.

(இங்கே ஆய்வக மேலாளரை வர்ணித்தாக வேண்டும். அடுக்குமாடியைக் கட்டியவரின் சம்பந்தி. வழுக்கை வேண்டாம்; கதைகளில் வழுக்கைக்காரர்கள் ஏற்கெனவே நிறையப் பாவம் சுமந்துவிட்டார்கள். சிரிப்பு போதும். அவருடைய சிரிப்பு, ஒரு

உவமை கிடைக்கவில்லை. எழுந்துபோய் டீ போட்டுக் குடித்தேன். அப்போதும் வரவில்லை.)

4

சோதனை முடிந்தது. குழாயில் மாட்டியதை அளக்கும் கருவியின் திரையை மேலாளர் எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுமே இல்லையேம்மா! தங்கமான தண்ணி. ரிப்போர்ட்ட அடிச்சுடு."

அவர் நகர்ந்ததும் சொட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க பாட்டுக்கு டீ குடிக்கப் போயிட்டீங்க. பாட்டிலைக் கையில வச்சுக்கிட்டு நான் நிக்கிறேன். நீங்க எழுதாம நான் எப்படி ஊத்துறது? குழாய் காஞ்சே போச்சு. அதுக்கப்புறம் ஊத்த வச்சா என்ன மாட்டும்?"

"மன்னிச்சுடும்மா, ஒரு உவமை..."

"எங்கக்கா அந்தத் தண்ணியக் குடிக்கிறா சார். உங்க உவமையையா குடிக்கிறா?"

சுருக்கென்றது.

5

முடிவுகளை எழுதிப் பார்த்தேன். ரிப்போர்ட் போகிறது, அனைவரும் நிம்மதி, அக்காவும் ஒரு டம்ளர் (அடித்துவிட்டேன்). அவள் வேலையைத் தூக்கி எறிகிறாள் (கைதட்டல் எனக்கு; கிணறு அப்படியே).

6

பாட்டிலில் இன்னும் ஒரு சோதனைக்கு மட்டும் தண்ணீர் இருக்கிறது. புதுக் குழாயை நனைத்துவிட்டாள். மேலாளர் ரிப்போர்ட்டுக்காக வாசலில் நிற்கிறார், சிரிப்பைக் காணோம்.

என்னை நம்ப வேண்டாம், நான் மறுபடி எதையாவது வர்ணிக்கப் போய்விடுவேன். பாட்டில் இப்போது உங்கள் கையில். எந்த முடிவு அழகு என்று யோசித்துக்கொண்டு உட்காராதீர்கள். ஊற்றுங்கள், ஈரம் காய்கிறது.