இரண்டாவது சேஸ்

காலை பத்து மணிக்குள் நான் பதினெட்டு அடி இரும்புச் சேனல் ஒன்றை வாழைப்பழமாக்கி முடித்திருந்தேன்.

லாரி சேஸ், அதாவது லாரியின் அடிச்சட்டம், பார்வைக்கு ஓர் ஏணிதான். நீளவாக்கில் இரண்டு சேனல்கள், நடுவே குறுக்குச் சட்டங்கள். நீளச் சேனல்களில் ஒன்றுக்குப் பலம் கூட்டலாமென்று பக்கவாட்டில் ஒரு பட்டையை வைத்து, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மூச்சுவிடாமல் பற்றவைத்துக்கொண்டே போய்விட்டேன். ஒரே பக்கம் சூடேறிய இரும்பு, ஆறும்போது அந்தப் பக்கமாகவே சுருங்கி இழுக்கும். இங்கே நாலு விரல், அங்கே நாலு விரல் என்று விட்டுவிட்டுத்தான் வைக்க வேண்டும். தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் தெரிந்துகொள்கிற விஷயம். எனக்கு இது இருபத்தாறாவது வருடம்.

வாசற்படிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை, ஒரு கண்ணை மூடிக்கொண்டு சேனலை நீளவாக்கில் பார்த்தார்.

“மச்சான், இந்த லாரி நேர் ரோட்டுல போகுமா, இல்ல வளைவு வந்தாத்தான் போகுமா?”

“ரவுண்டானா ஸ்பெஷல் மாப்ளே. சுத்திச் சுத்தி வந்துக்கிட்டே இருக்கலாம்.”

“அப்ப டீசல் தீர்ற வரைக்கும் வீட்டுக்கு வர வேணாம்னு சொல்லு. நல்லதுதான்.”

சிரித்தோம். எங்கள் இருவருக்கும் நன்றாக வருகிற ஒரே வேலை அது. மாப்பிள்ளை என் தங்கையின் கணவர். எங்களுக்கு ஒரே வயது. பேச்சில் வா, போ என்றுதான்; எழுதும்போது மட்டும் மரியாதை கொடுத்துவிடுகிறேன், தங்கை படித்தாலும் படிப்பாள். சிரிக்கும்போது இரண்டு தொடையையும் தட்டிக்கொள்வது அவருக்குப் பழக்கம். இப்போதும் தட்டினார். இடது முழங்காலுக்குக் கீழே பேன்ட்டை மடித்து ஊக்கு குத்தியிருந்தது. அந்த மடிப்பும் சேர்ந்து ஆடியது.

முதல் சேஸையும் நான்தான் செய்தேன். இதே இடத்தில், தங்கை வீட்டுச் சுவருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே. மாப்பிள்ளை ஒரு பழைய லாரியை வாங்கி, சேஸை நாலு அடி நீட்டித் தரச் சொன்னார். நீட்டினேன். ஒட்டுப்போட்ட இடத்தில் கனமான பிளேட் வைத்து, சுற்றிலும் எறும்பு நுழைய இடமில்லாமல் பற்றவைத்தேன். என் சொந்தத் தொழில் கேட், ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி. “கேட்டும் இரும்பு, லாரியும் இரும்பு. லாரிக்குச் சக்கரம் இருக்கு, அவ்வளவுதான்” என்று அன்றைக்குப் பெருமையடித்த வாய் இதே வாய்தான்.

பதினோரு மாதம் ஓடியது. பன்னிரண்டாவது மாதம், கல் ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் வரும்போது கேபினுக்குப் பின்னால் சேஸ் முறிந்தது. கல் முன்னால் வந்தது. கேபின் மடிந்தது. கேஸ் கட்டரால் அறுத்துத்தான் அவரை வெளியே எடுத்தார்கள். நான் போய்ச் சேருவதற்குள் முறிந்த துண்டுகளைப் பழைய இரும்புக்கு அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். எந்த இடத்தில் முறிந்தது என்று நான் பார்க்கவே இல்லை.

ஏன் முறிந்தது என்று கேட்காத ஆள் பாக்கியில்லை. சோதிக்க வந்த அதிகாரி, “அதிக பாரம்” என்று எழுதிவிட்டுப் போனார். மற்ற டிரைவர்கள், “அங்க ஒரு குழி இருக்குண்ணே, எமன் அதுலதான் குடியிருக்கான்” என்றார்கள். தங்கை, “நேரம் சரியில்லண்ணே” என்றாள். மாப்பிள்ளையிடம் ஆஸ்பத்திரியில் கேட்டேன். எப்படிக் கேட்டேன் தெரியுமா? “என்ன மாப்ளே, என் வெல்டிங்தான் ஒன்னைக் கவுத்துருச்சோ?” என்று இளித்துக்கொண்டே கேட்டேன். “ஒன் வெல்டிங்கா? அது ஒன் வாய் மாதிரி, ஒடையவே ஒடையாது” என்று அவரும் இளித்தார். கேள்வியைச் சிரிப்பில் மடித்துக் கொடுத்தால் பதிலும் அதே காகிதத்தில்தானே வரும்.

அதன் பிறகு அந்த வீட்டில் பேசுவதே எனக்குக் கஷ்டமாகிவிட்டது. நம் பேச்சில் எத்தனை கால் இருக்கிறது என்று அப்போதுதான் கவனித்தேன். சொந்தக் காலில் நில், காலை வாரிவிட்டான், ஆழம் தெரியாமல் காலை விடாதே. வாயைத் திறந்தால் ஒரு கால் வந்து விழுந்தது. வாசலில் மாப்பிள்ளையின் செருப்பு இன்னமும் ஜோடியாகத்தான் கிடக்கும். தங்கை பெருக்கும்போது தேயாத அந்த இடது செருப்பை எடுத்து, தூசி தட்டி, பெருக்கி முடித்து, அதே இடத்தில் வைப்பாள்.

லாரி ஓட்டக் கற்றுக்கொண்டு கனரக லைசென்ஸும் வாங்கிவந்து என் முன்னால் நீட்டியவள் அவள்தான்.

“இஞ்சின் நல்லாருக்கு, கியர்பாக்ஸ் நல்லாருக்கு. கேபினைத் தட்டி நிமித்தியாச்சு. சேஸ் மட்டும் செஞ்சு குடுண்ணே.”

“லாரி வேலைக்குன்னு ஆளுங்க இருக்காங்கம்மா. வேற எடத்துல பாப்போம்.”

“ஏன், ஒனக்குக் கை இல்லையா?”

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். போன முறை முறிந்தது என் வெல்டிங்கால் இல்லையென்றால், அதே மாதிரி செய்து கொடுத்துவிடலாம். என் வெல்டிங்கால்தான் என்றால், அதே மாதிரி செய்து தங்கையையும் அனுப்பிவைத்துவிடுவேன். இரண்டில் எது என்று ஒருவரும் சொல்லவில்லை. தீர்ப்பே இல்லாமல் விடுதலையான கைதி மாதிரி சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன்.

வாழைப்பழத்தை நிமிர்த்த மூன்று நாள் ஆனது. வளைந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் பொட்டுப் பொட்டாகச் சூடுகாட்டி, ஈரச் சாக்கால் ஒற்றி, மறுபடி சூடுகாட்டி, ஒரு வழியாக அது சேனலாயிற்று. நாலாம் நாள் இரண்டு சேனல்களையும் மரக்கட்டைகள் மேல் மட்டம் பார்த்து நிறுத்திக் குறுக்குச் சட்டங்களைப் பொருத்தினேன். மூலைக்கு மூலை நூல் பிடித்தோம். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால்தான் சேஸ் கோணாமல் இருக்கிறது என்று அர்த்தம். நூலின் ஒரு முனை தங்கையின் கையில், மறுமுனை என் கையில்.

“போன தடவையும் இப்படிப் பாத்தியாண்ணே?”

“பாத்தேன்.”

“சரியா இருந்துச்சா?”

“நூல் பிசகல.”

“ம்” என்றாள். நூலைச் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். ஒரு திட்டு திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஐந்தாம் நாள் பிளேட் வைக்கிற வேலை. இம்முறையும் கேபினுக்குப் பின்னால் வருகிற இடத்தில் ஒட்டுப்போட்டுத்தான் சேனலை நீட்டியிருந்தேன். கனமான பிளேட்டை ஒட்டின் மேல் பொருத்தி கிளாம்ப் போட்டேன். அதன் ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை சாக்பீஸால் நேராக ஒரு கோடு இழுத்தேன். போன முறை இழுத்த அதே கோடு. கோடு அழகாக வந்திருந்தது.

மாப்பிள்ளை காலையிலிருந்து ஒரு கிண்டலும் செய்யவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

“டீ குடிச்சிட்டு வையேன் மச்சான்.”

“இப்பத்தானே குடிச்சோம்.”

“கரண்ட் டல்லா இருக்கற மாதிரி இருக்கே.”

“மாப்ளே, மிஷின் பாடுது. ஒனக்குக் காது அடைச்சிருக்கா?”

“வெயில் கொஞ்சம் எறங்கட்டுமே.”

“வெயிலா? இரும்புக்குத் தலைவலி வருமா?”

அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார்.

சுவரோரம் டிரம்கள் மேல் தூக்கி வைத்திருந்த கேபினுக்குள் தங்கை இருந்தாள். கண்ணாடியைத் துடைத்து முடித்து, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை எட்டிப் பார்த்தாள். எட்டவில்லை போலிருக்கிறது. சீட்டுக்கு அடியில் கையை விட்டு எதையோ இழுத்தாள். துருப்பிடித்த தண்டவாளத்தில் சீட் கிறீச்சென்று முன்னால் நகர்ந்தது. நாலு பல் முன்னால். கடைசியாக அந்த சீட்டைத் தள்ளி வைத்தவர் மாப்பிள்ளைதான், அவர் உயரத்துக்கு.

நான் முகமூடியை இறக்கினேன். வெல்டிங் ராடைச் சாக்பீஸ் கோட்டின் உச்சிக்குக் கொண்டுபோனேன்.

“மச்சான், வைக்காத.”

முகமூடியை ஏற்றிவிட்டுத் திரும்பினேன். மாப்பிள்ளை எழுந்து நின்றிருந்தார். ஊன்றுகோலை எடுக்கவில்லை, கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார். எனக்குச் சொல்வதற்கு ஒரு கிண்டல் வாய்வரை வந்தது. முழுங்கிவிட்டேன். கையிலிருந்த ராடைக் கீழே வைத்தேன்.

“மாப்ளே, என் வெல்டிங்தானா?”

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கேள்வியை இளிக்காமல் கேட்டேன். அவர் கேபினைப் பார்த்தார். அங்கே தங்கை இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமா” என்றார். “ஒன் வெல்டிங்தான். குழியும் இல்ல, பாரமும் இல்ல. பிளேட்டோட ஓரத்துல மேலேருந்து கீழ நேரா ஒண்ணு வச்சே பாரு, அதை ஒட்டியே முறிஞ்சிருந்துச்சு. முறிஞ்ச முனை என் மூஞ்சிக்கு ஒரு சாண் தள்ளி நின்னுச்சு. ஆளுங்க வந்து அறுக்கற வரைக்கும் எனக்குப் பாக்க வேற ஒண்ணும் இல்ல. மூணு வெரல் அளவுக்குப் பழைய துரு. மிச்சம் மட்டும்தான் புதுசா மின்னுச்சு. ரொம்ப நாளா கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கிட்டு வந்திருக்கு மச்சான். கேட்டு ஆடக் கூடாது. லாரி ஆடணும். நீ அந்த எடத்தை மட்டும் ஆடவிடாம கட்டிப் போட்டே, அது கட்டு முடியற எடத்துல முறிஞ்சுது. ஓரத்தை ரெண்டு பக்கமும் சாய்வா வெட்டு. பிளேட்டுக்கு போல்ட் போடு. குறுக்க மட்டும் வைக்காத.”