பொய்க் காற்று

விடிவதற்குள் கார்லா ஸ்டென்ஸ்ருட் மூன்று வண்டிகளின் சக்கரங்களைக் கழற்றியிருந்தாள். வடக்கு டகோட்டாவின் எண்ணெய்க் கிணறுகளுக்கு இரும்புக் குழாய் ஏற்றிப்போகும் கனரக வண்டிகள். கொட்டகைக் கதவின் சந்தில் பனிக்காற்று அறுத்துக்கொண்டு வந்தது. உறைந்த போல்ட்டில் ஸ்பேனர் வழுக்கி முட்டியில் அடித்தால் வலி உடனே வரும்; ரத்தம் வர நேரமாகும்.

முதலாளி கிரெக் பால்சன் அந்தக் குளிர்காலத்தில், வண்டியோடு வந்த வீல்களைக் கழற்றிவிட்டு, வெளிச் சந்தையில் வாங்கிய தடித்த வீல்களைப் பன்னிரண்டு வண்டிகளுக்கும் மாட்டச் சொன்னான். டயருக்குள் காற்றழுத்தம் பார்க்கும் பழைய சென்சாரின் ரப்பர் வால்வு அந்தத் தடிமனைத் தாண்டி எட்டவில்லை. உலோக வால்வு வைத்த புதுச் சென்சார் வேண்டும். அதை வண்டியின் கணினிக்குப் பழக்கவும் வேண்டும். அதுவரை ஓட்டுநரின் முன்னால் மஞ்சள் விளக்கு எரியும். விளக்கு எரியும் வண்டியை எண்ணெய்க் கம்பெனி வாசலிலேயே திருப்பிவிடும்.

“விளக்குதானே பிரச்சினை? அணைச்சிடு” என்றான் பால்சன்.

“சென்சார் வாங்கிக் குடுங்க, தானா அணையும்.”

“பழைய சென்சாரையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் குழாய்ல போடு. ரெண்டு முனையும் அடைச்சுக் காத்தடி. சீட்டுக்குப் பின்னால சொருகி வை. டயருக்குள்ளதான் இருக்கோம்னு அதுங்க நெனச்சுக்கும்.”

“நெஜ டயர்ல காத்து எறங்கினா ஓட்டுறவனுக்கு எப்படித் தெரியும்?”

“அவனுக்குக் கண்ணு இருக்கு. உனக்கும் இருக்குல்ல? கதவு எந்தப் பக்கம்னு தெரியும்ல?”

கார்லாவின் கணவனுக்கு வாரம் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்பு. அது இந்த வேலையின் காப்பீட்டில் ஓடியது. அவள் பன்னிரண்டு குழாய்களை அடைத்தாள். ஓட்டுநர்கள் யாரிடமும் சொல்லவில்லை.

ஓட்டுநர் டெல்மர் அசூர் தினமும் காலையில் அவளிடம், “ராணியம்மா, நம்ம குதிரைக்கு லாடம் அடிச்சாச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் வண்டி ஏறுவான். மூன்றாவது வாரம் அவன் வண்டியின் முன்டயரில் காற்று மெல்லக் கசிந்தது. வளைவில் டயர் வெடித்தது. வண்டி புரண்டது. ஏற்றியிருந்த இரும்புக் குழாய்கள் அவன் இருக்கைக்குள் பாய்ந்தன. இரண்டு மணி நேரம் உறைபனியில் நசுங்கிக் கிடந்தவனுக்கு இரண்டு கால்களையும் முழங்காலுக்கு மேல் எடுத்தார்கள்.

மருத்துவமனையில் அவன் கார்லாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“விளக்கு எரியவே இல்ல, ராணியம்மா. சத்தியமா. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்.”

கால் போனதைவிட, தான் அசட்டையாக இருந்துவிட்டதாக யாரும் நினைத்துவிடக் கூடாதே என்பதுதான் அவன் தவிப்பு. கார்லா அவன் போர்வையை இழுத்துவிட்டு எழுந்து வந்தாள்.

மறுநாள் காலை பால்சன் ஒரு தாளை நீட்டினான். புறப்படுமுன் ஓட்டுநர் டயர்களைப் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தது.

“கையெழுத்துப் போடு. இல்லேன்னா குழாயை அடைச்சது யாரு கைன்னு போலீஸ் கேக்கும். என் கை சுத்தம்.”

கார்லா தாளை வாங்கிக்கொண்டு வெளியே போனாள். பதினொரு ஓட்டுநர்கள் காபிக் கோப்பைகளோடு நின்றிருந்தார்கள். அருகில் உறுமிக்கொண்டிருந்த வண்டியில் ஏறி, சீட்டுக்குப் பின்னாலிருந்த குழாயை உருவி, அவர்கள் கண்ணெதிரே காற்றைத் திறந்துவிட்டாள். அது சீறி அடங்கியதும் மஞ்சள் விளக்கு எரிந்தது.

“நான்தான் செஞ்சேன். எல்லா வண்டியிலயும். அவன் சொன்னான், நான் செஞ்சேன்.”

டெல்மரின் பெரியப்பா மகன் ஓரின், கொதிக்கும் காபியை அவள் காலடியில் வீசினான்.

“உன்னை ராணின்னு கூப்பிட்டானேடி அவன்!”

“திட்டு. அடி. ஆனா இன்னிக்கு வண்டியை எடுக்காதே.”

ஓரின் அவளைத் தள்ளிவிட்டுத் தன் வண்டிக்குப் போனான். சீட்டுக்குப் பின்னால் கைவிட்டான். மற்றவர்களும் போனார்கள். திரும்பியபோது ஆளுக்கொரு குழாய் கையில் இருந்தது.

“உன்னை நான் மன்னிக்கல” என்றான் ஓரின். “ஆனா உன் பக்கத்துலதான் நிக்கப்போறேன்.”

கார்லா அந்தத் தாளைத் திருப்பி, தான் செய்ததையும் யார் சொல்லிச் செய்தாள் என்பதையும் எழுதிக் கையெழுத்திட்டாள். விறைத்த விரல்களால் பதினொருவரும் கீழே கையெழுத்திட்டார்கள்.

பால்சன் வந்தான். “அரை மணி நேரத்துல வண்டி நகரலேன்னா அத்தனை பேரும் வீட்டுக்கு நடையைக் கட்டலாம்.”

“நடக்கக் கால் வேணும் பால்சன்” என்றான் ஓரின். “டெல்மருக்கு அதைக் குடுத்துட்டு வா. அப்புறம் எங்களை அனுப்பு.”

“மிச்சம் இருக்கிற பதினோரு வண்டிக்கும் நெஜ சென்சார். நடந்தது என்னன்னு டெல்மர் பேருக்கு உன் கையெழுத்தோட ஒரு காகிதம். அதுவரைக்கும் ஒரு போல்ட்டைக்கூடத் தொடமாட்டேன்” என்றாள் கார்லா.

“உன் புருஷனை நெனச்சுப் பாத்தியா?”

“நேத்து ராத்திரி பூரா நெனச்சேன்.” அவள் நகரவில்லை.

நண்பகலில் பால்சன் பக்கத்து ஊரிலிருந்து நான்கு கூலி வண்டிகளை வரவழைத்தான். கார்லாவோடு சேர்த்துப் பன்னிரண்டு பேரும் வாசலை மறித்து நின்றார்கள். முதல் வண்டிக்காரன் கண்ணாடியை இறக்கினான். நரைத்த தாடி, முன்பின் பார்த்திராத முகம்.

“எதுக்குய்யா நிக்கிறீங்க?”

கார்லா சொன்னாள். சொல்லும்போதே அவன் வண்டியின் வீல்களைப் பார்த்தாள். அதே தடிமன்.

“சீட்டுக்குப் பின்னால கையை விட்டுப் பாரு அண்ணே.”

அவன் திரும்பிக் கைவிட்டுத் துழாவினான். உள்ளே போன கை நெடுநேரம் வெளியே வரவில்லை. கொட்டகை வாசலிலிருந்து பால்சன் எதையோ கத்தினான். காற்று அதைக் கொண்டுபோயிற்று.

அந்தக் குளிரில் யாரும் எஞ்சினை அணைக்கமாட்டார்கள். அணைத்தால் மறுபடி உயிர்பிடிப்பது சந்தேகம். தாடிக்காரன் சாவியைத் திருப்பி அணைத்தான். இறங்கி வந்து, ஓரினுக்கும் கார்லாவுக்கும் நடுவில் இடம்பிடித்து நின்றுகொண்டான்.

பின்னால் இரண்டாவது எஞ்சினும் ஓய்ந்தது.