மைக்கக்காவை எங்கிருந்து தொடங்குவது

1

இந்தக் கதை எனக்கு ஒரு பேருந்து நிலையத்தில், ஒலிபெருக்கி வழியாகக் கிடைத்தது. வண்டிக்காகக் காத்திருந்தேன். தலைக்கு மேலே ஒரு பெண் குரல், எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது. நல்ல குரல். காய்ச்சி ஆறவைத்த பால் மாதிரி. ஓர் ஊர்ப் பெயருக்கும் அடுத்த ஊர்ப் பெயருக்கும் நடுவே அது நின்றது. மைக்கை அணைக்க மறந்திருக்க வேண்டும். மூச்சு வாங்குவது நிலையம் முழுக்கக் கேட்டது. மாடிப்படி ஏறி வந்த கையோடு பேச உட்கார்ந்தவர்களுக்கு வரும் மூச்சு. சிலர் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவர் சிரித்தார். பிறகு, ஒன்றுமே நடக்காததுபோல, குரல் விட்ட ஊரிலிருந்து தொடர்ந்தது.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்தப் பெண்ணை நான் பார்த்ததே இல்லை. இனி வருவதெல்லாம் நான் இட்டுக்கட்டியது. இட்டுக்கட்டியதுதானே என்று அவளை லேசாக நினைத்துவிடாதீர்கள். எனக்கு அவள்மேல் நிறைய அக்கறை வந்துவிட்டது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அவள் படிக்கட்டின் முன்னால் நின்றாள். அது மலைபோல"

அடித்துவிட்டேன். படிக்கட்டு படிக்கட்டு போலத்தான் இருந்தது. பச்சை வண்ணம் உரிந்த இரும்புக் கைப்பிடி, நடுவில் ஒரு திருப்பம்.

பிறகு இப்படி: "மேசைமேல் தட்டு நிறைய"

இதை என் அக்காவிடம் காட்டினேன். அக்கா கொஞ்சம் பருமன். ("கொஞ்சமா? எழுதறதுதான் எழுதற, ஒழுங்கா எழுது" என்று என் தோளுக்குப் பின்னாலிருந்து சொல்கிறாள்.) படித்துவிட்டுக் காகிதத்தை என் மடியில் போட்டாள்.

"குண்டா இருக்கறவங்க கதைன்னா உடனே ஒரு தட்டைத் தூக்கி முன்னால வச்சிடுவீங்களேடா. அவளுக்கு வேற பொழைப்பே இல்லையா? என்ன வேலை பார்க்கறா, புருஷன் எப்படி, எதுக்குச் சிரிப்பா, அதைச் சொல்லு முதல்ல."

சொல்கிறேன்.

3

நிலையத்தில் எல்லோருக்கும் அவள் மைக்கக்கா. அறிவிப்பு அறை மாடியில். கண்ணாடி ஜன்னல் வழியே இரண்டு வரிசை நடைமேடைகளும் தெரியும். நேரக் காப்பாளர் கீழேயிருந்து சீட்டு அனுப்புவார். அதை வாசிப்பதுதான் வேலை. ஆனால் மைக்கக்கா சீட்டில் இருப்பதை அப்படியே வாசிக்கிறவள் இல்லை. குழந்தை ஒன்று தொலைந்துவிட்டால், விதிப்படி பெற்றோரைத்தான் கூப்பிட வேண்டும். அவள் முதலில் குழந்தையைக் கூப்பிடுவாள். "மஞ்சச் சட்டை போட்ட கண்ணு, நீ எங்க இருக்கியோ அங்கேயே நில்லு. அழாத. அம்மாவை நான் அனுப்பி வைக்கிறேன்." குழந்தை நிற்கும். அம்மா ஓடி வருவாள்.

குரலைக் கேட்டவர்கள் ஒரு மெல்லிய பெண்ணை மனதில் வரைந்து வைத்திருந்தார்கள். அது மைக்கக்காவுக்கும் தெரியும். அந்தச் சித்திரத்தைக் கலைப்பானேன் என்று, கூட்டம் சேருவதற்கு முன்னாலேயே காலையில் படியேறிவிடுவாள். மதியச் சாப்பாடும் மேலேயே.

எடையைக் குறைக்க அவள் முயலாதவள் இல்லை. அவளுடைய தங்கச்சி வரும்போதெல்லாம் ஒரு புது வழியோடு வருவாள். ஒரு தடவை பொடி, ஒரு தடவை சூப், ஒரு தடவை நாளெல்லாம் பட்டினி. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இறங்கும். பிறகு வட்டியும் முதலுமாகத் திரும்பி வரும். "உனக்கு மன உறுதி பத்தாதுக்கா" என்பாள் தங்கச்சி. பசியோடு நாள் முழுக்க மாடியில் உட்கார்ந்து, தேன் ஒழுக ஊர்ப் பெயர்களைச் சொல்வதற்கு எவ்வளவு மன உறுதி வேண்டும் என்று தங்கச்சிக்குத் தெரியாது.

ஒரு நாள் அவளுடைய பிளாஸ்டிக் நாற்காலியின் கால் முறிந்தது. மைக் திறந்திருந்தது. "நான்காம் நடைமேடையில்" என்ற குரல், தடால் என்ற சத்தம், "ஐயோ" என்ற அலறல், எல்லாமே நிலையத்துக்குக் கேட்டது. மறுநாள் ஓர் இரும்பு நாற்காலி வந்து சேர்ந்தது.

கதையை இங்கே திருப்புவதாகத்தான் இருந்தேன். விழுந்தாள், அழுதாள், சபதம் எடுத்தாள், நடக்கத் தொடங்கினாள். எழுதவும் சுலபம். அக்காதான் கெடுத்தாள்.

"விழுந்தா மெலிஞ்சிடுவாங்கன்னா நான் எப்பவோ ஈர்க்குச்சி ஆகியிருக்கணும்டா."

ஆகவே உள்ளபடி எழுதுகிறேன். அன்று மாலை மைக்கக்கா அழுதாள். அன்று அவள் புதிதாகத் தொடங்கியது ஒரு பிஸ்கட் பாக்கெட்டை மட்டும்தான். (சாப்பாட்டைப் பற்றி ஒரே ஒரு வரி அக்கா, விட்டுவிடு.)

4

அவளைத் தொடங்கவைத்தது வேறு.

நாற்காலி உடைந்து சில வாரம் கழித்து, நேரக் காப்பாளரிடமிருந்து ஒரு சீட்டு வந்தது. தொழில்நுட்பக் கோளாறால் ஐந்தாம் நடைமேடை வண்டி தாமதமாகப் புறப்படும். வாசித்தாள். பயணிகளின் பொறுமைக்கு நன்றியும் சொன்னாள்.

தேநீர் நேரத்தில் நேரக் காப்பாளரே படியேறி வந்தார். முகம் சரியில்லை.

"பதறாதீங்கக்கா. ஒண்ணும் ஆகல. ஐந்தாம் நடைமேடை வண்டிக்கு அடியில உங்க வீட்டுக்காரர் தூங்கிட்டாரு. டிரைவருக்குத் தெரியல, ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பிட்டாரு. வெளியே நீட்டியிருந்த காலைப் பக்கத்துல இருந்தவன் பார்த்துட்டான். கத்தி நிறுத்திட்டாங்க."

மைக்கக்காவின் கணவர் நிலையத்தை ஒட்டிய பணிமனையில் மெக்கானிக். அவள் சொன்ன கோளாறு அவர்தான். தான் தேனாக நன்றி சொன்னது எதற்கு என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

5

வீட்டுக்குள் நுழைந்ததும் வெடித்தாள்.

"வண்டிக்கு அடியில தூங்கற அளவுக்கு அப்படி என்னங்க அசதி? கொஞ்ச நாளாவே பார்க்கறேன். பேசிக்கிட்டிருக்கும்போதே கண் சொக்குது. வீட்ல தூங்காம என்னதான் பண்றீங்க?"

மெக்கானிக் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. வீட்டில் பேச்சு இலாகா முழுவதும் அவளுடையது.

"உன்னைப் பார்த்துக்கிட்டிருக்கேன்."

"என்னது?"

"தூங்கும்போது உனக்கு மூச்சு நின்னுடுது. முதல்ல பெரிசா குறட்டை வரும். அப்புறம் சத்தமே இருக்காது. தோளைத் தட்டினா மறுபடி வரும். நான் தூங்கிட்டா யார் தட்டறது?"

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"எத்தனை நாளா?"

"அது கிடக்கு. நல்லாத்தான் இருந்துச்சு. இன்னிக்குத்தான் கொஞ்சம் அசந்துட்டேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எல்லாரும் உன்கிட்ட உடம்பைக் குறைன்னுதான் சொல்றாங்க. நானும் சொல்லணுமா?"

(இந்த இடத்தில் அவளுக்கு ஒரு நீண்ட வசனம் எழுதியிருந்தேன். நன்றி, குற்ற உணர்வு, காதல் எல்லாம் அதில் இருந்தது. எடுத்துவிட்டேன். அதற்குப் பதில் அவள் எழுந்து போய் அவர் சட்டையை ஆணியிலிருந்து எடுத்தாள். முதுகில் எண்ணெய்க் கறை. தேய்க்கத் தொடங்கினாள்.)

"நாளைக்கு டாக்டரைப் பார்க்கலாங்க" என்றாள், தேய்த்துக்கொண்டே.

6

திட்டு வாங்கத் தயாராகத்தான் போனாள். திட்டத் தெரியாத டாக்டரை அவள் அதுவரை பார்த்ததில்லை. காது வலி என்று போனபோதுகூட எடையைக் குறைக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

இந்த டாக்டர் நடுத்தர வயதுப் பெண். தூக்கத்தைப் பற்றித்தான் முதலில் கேட்டார். மெக்கானிக்கை நிறையப் பேச வைத்தார். அதுவே பெரிய மருத்துவ சாதனை. தூக்கத்தில் மூச்சு தடைபடுவதற்குப் பெயர் இருக்கிறது, பரிசோதனை இருக்கிறது, தூங்கும்போது மாட்டிக்கொள்ள ஒரு காற்றுக் கருவியும் இருக்கிறது என்றார். பிறகு எடைக்கு வந்தார்.

"இந்த மாசம் குறையணும்னு இல்ல. ஏறாம பார்த்துக்குங்க, போதும்."

"அவ்வளவுதானா டாக்டர்?" மைக்கக்காவுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"அதுவே கஷ்டம்தாம்மா. காலையில ஏதாவது சாப்பிடுங்க. சாயங்காலம் வரைக்கும் வயித்தைக் காயப்போட்டா, அப்புறம் அது உங்க பேச்சைக் கேட்காது. தினம் கொஞ்சம் நடங்க. பேசிக்கிட்டே எவ்வளவு நடக்க முடியுமோ அவ்வளவு. பேச முடியலன்னா வேகத்தைக் குறைங்க. முட்டி வலிச்சா உட்காருங்க."

"பேசிக்கிட்டேவா? அது என் பொழைப்பாச்சே டாக்டர்."

டாக்டர் சிரித்தார். மெக்கானிக்கும். அவர் பல் தெரிந்து நாளாயிற்று என்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

7

மதியத்தில் வண்டிகள் குறைவு. நேரக் காப்பாளரிடம் மைக்கை ஒப்படைத்துவிட்டுப் படியிறங்கினாள். தண்ணீர்க் குழாய்ப் பக்கத்தில் ஒரு பெஞ்சு. அதுவரைக்கும் நடப்பதாகத் திட்டம். முணுமுணுவென்று ஊர்ப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே நடந்தாள். பாதி வழியில் முட்டி பேசத் தொடங்கியது. ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுபடி நடந்தாள். பெஞ்சில் உட்கார்ந்தபோது ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. மேலிருந்து பார்க்கும்போது அந்தப் பெஞ்சு இவ்வளவு தூரத்தில் இல்லை.

பக்கத்தில் இரண்டு பைகளோடு ஓர் அம்மாள். ஒரு வண்டியைச் சொல்லி அது எங்கே நிற்கும் என்று கேட்டார். பழக்க தோஷத்தில் மைக்கக்கா முழுக்கச் சொன்னாள்: "ஆறாம் நடைமேடையிலிருந்து, இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்."

அம்மாள் சட்டென்று திரும்பினார்.

"அட, நீங்கதானா அது!"

அவருடைய கண்கள் முகத்தைப் பார்த்தன. கீழே இறங்கின. (இறங்கவில்லை என்று எழுதத்தான் ஆசை. "இறங்கும்டா. எல்லார் கண்ணும் இறங்கும். பொய் எழுதாத" என்றாள் அக்கா.) இறங்கின, மறுபடி மேலே வந்தன. மைக்கக்கா எழுந்து போய்விட நினைத்தாள். ஆனால் முட்டி ஒத்துழைக்கவில்லை.

"அன்னிக்கு விழுந்தீங்களேம்மா, அடி பலமா? வீட்டுக்குப் போயும் அதே பேச்சுதான் எங்களுக்கு. பாவம், யார் தூக்கி விட்டாங்களோ என்னமோன்னு."

விழுந்த சத்தம் கேட்டுச் சிரித்தவர்களைப் பற்றித்தான் மைக்கக்கா அத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள். கவலைப்பட்டவர்களும் இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"நாற்காலிக்குத்தாங்க பலத்த அடி" என்றாள்.

இருவரும் சிரித்தார்கள். அந்த அம்மாளுக்கு ஒரு பையைத் தூக்கிக் கொடுத்தாள். பிறகு திரும்பி நடந்தாள். வந்ததைவிட மெதுவாக.

8

"மெலிஞ்சாளா இல்லையா?" என்கிறாள் அக்கா.

மூன்று முடிவு கையில் இருக்கிறது. ஒன்றில், ஒரு வருடம் கழித்து அவள் பழைய ரவிக்கையை விரித்துப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அது விளம்பரம் மாதிரி இருக்கிறது. இன்னொன்றில், மழைக்காலம் வருகிறது, தங்கச்சி ஒரு புதுப் பொடியோடு வருகிறாள், எல்லாம் பழையபடி. அது அவளுக்கு நான் செய்யும் துரோகம். மூன்றாவதில் கொஞ்சம் இறங்கி, கொஞ்சம் ஏறி, மறுபடி கொஞ்சம் இறங்கி... அது உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் அதற்குக் கடைசி வரி கிடைக்கவில்லை.

"தெரியாமலாடா இவ்வளவு எழுதின?"

தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் இன்றைய காலை. காற்றுக் கருவி வந்து சில நாட்கள் ஆகின்றன. மெக்கானிக் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். அவள் எழுந்ததும் அவருக்குத் தெரியவில்லை, பல் விளக்கியதும் தெரியவில்லை. மைக்கக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டாயிற்று. நேற்று நடந்ததில் முட்டி வீங்கியிருக்கிறது. ஒரு காலில் ஷூ. இன்னொரு ஷூ தரையில். நாடாவைக் கட்டிவிடுவது வழக்கமாக அவர். அவரை எழுப்ப அவளுக்கு மனமில்லை. காலைச் சிறிய முக்காலிமேல் தூக்கி வைத்துக் குனிகிறாள். வயிறு மறிக்கிறது. நிமிர்ந்து மூச்சு விடுகிறாள். ஷூவைக் கழற்றி மூலையில் எறிந்துவிட்டுப் படுத்துவிடலாம். பக்கவாட்டில் காலை மடித்து இன்னொரு தடவை பார்க்கலாம். இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது.

இப்படிப்பட்ட நேரத்தில் ஒருவரை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பது முறையில்லை. நாடா கட்டப்பட்டதா என்பதை நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள், ஆனால் வெளியே வந்து. நான் கிளம்புகிறேன். நீங்கள் கடைசியாக வருகிறீர்கள், கதவைச் சாத்திவிடுங்கள்.

மெதுவாக. அவர் தூங்குகிறார்.