கொள்முதல் பிரிவின் சிவப்பு விளக்கு

கொள்முதல் குமாஸ்தாவைப் பற்றி முதுகுக்குப் பின்னால் யார் பேசினாலும் அவருடைய மேஜைத் தொலைபேசியில், குரல் செய்தி வந்தால் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு எரிந்தது. இது தொடங்கிய அதே வாரத்தில் அலுவலகத்துக்குப் புது லிஃப்ட் வந்துவிட்டதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பொத்தானை அழுத்தினால் பேசியவரின் சொந்தக் குரலிலேயே முழுவதையும் கேட்கலாம். சாப்பாட்டுக்குப் பின் அவர் விடும் குறட்டை, மேலாளரைக் கண்டதும் வளையும் முதுகு, எல்லாம் வந்து விழுந்தன. சில மாதங்களில் அலுவலகத்துக்குப் பழகிவிட்டது. காசாளர் மரியாதை தெரிந்தவர். காபிக்குப் போகும்போது, "அண்ணே, உங்களப் பத்தித்தான் பேசப் போறோம், அப்புறமா கேட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டே போவார்.

குமாஸ்தா ஒன்றையும் அழிக்கவில்லை. ஓய்வுபெறும் நாளில் எல்லோர் முன்னாலும் போட்டுக் காட்டும் எண்ணம். "குரல் செய்திப் பெட்டி நெறஞ்சிடுச்சு சார், இனிமே எதுவும் ஏறாது, பழச அழிங்க" என்று டெலிபோன் ஆபரேட்டர் பெண் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். விளக்கு எரிவது நின்றது. உலகம் திருந்திவிட்டதாக அவர் எடுத்துக்கொண்டார்.

அவருக்கு ஒரே பெருமை, பக்கத்து மேஜையில் இருந்த மனைவியின் தம்பி. அவரே சிபாரிசு செய்து உட்காரவைத்தவன். அந்த மச்சானின் குரல் ஒருமுறைகூடப் பெட்டியில் வந்ததில்லை. பிரிவுத் தலைவர் நாற்காலி காலியானபோது, அதற்காகவே தலை நரைத்திருந்த குமாஸ்தா அவனிடம்தான் கேட்டார்: "மேலாளர்கிட்ட எனக்காக ஒரு வார்த்தை சொல்லுடா."

"அதெல்லாம் சொல்லியாச்சு அத்தான்."

அந்த நல்ல வார்த்தையைக் காதால் கேட்க ஆசைப்பட்டு, காசாளரின் பழைய கேலி ஒன்றை அழித்து இடம் பண்ணினார். இடத்துக்காகவே காத்திருந்ததுபோல் உடனே விளக்கு எரிந்தது. மச்சானின் குரல்தான். "அத்தான் தங்கமானவர் சார். ஆனா மறதி ஜாஸ்தி. அவருக்கு எதுக்கு சார் அந்தப் பதவி? எங்க அக்காவே அதான் சொல்றா. நான் பாத்துக்கறேன் சார்."

அன்று வீட்டில், "ஏங்க ஒரு மாதிரி இருக்கீங்க?" என்றாள் மனைவி.

"மறந்துட்டேன்" என்றார்.

விளக்கு அதன்பின் அணையவே இல்லை. அவரும் பொத்தானைத் தொடவில்லை. மச்சான் தலைவரானான், லிஃப்ட் பழுதாகி நின்றது, வருடங்கள் போயின. கரண்ட் போகும் சாயங்காலங்களில் பிரிவே ஃபைல்களைத் தூக்கிக்கொண்டு அவர் மேஜையைச் சுற்றி உட்காரும். கொஞ்சம் சிவப்புதான், ஆனாலும் நல்ல வெளிச்சம். மச்சானும் அங்கே வந்துதான் கையெழுத்துப் போடுவான்.

"கொஞ்சம் நகருங்க அத்தான், நெழல் விழுது."

அவர் நகர்ந்துகொள்வார்.