குருவி கொண்டுவந்த புதினா

இன்னாசித்தம்பியின் கடிதம் வந்த அன்று எங்கள் வீட்டுப் புதினா ஒரு கொம்பன் யானையை மறைக்கும் உயரத்தில் நின்றது. அதாவது, நான் அவருக்கு எழுதிய கடிதங்களில். கிணற்றடியில், அது நின்ற உடைந்த பானைக்குள் ஓர் ஓணான் படுத்திருந்தது.

முல்லைத்தீவுத் தபால் கந்தோரில் முத்திரை குத்திக் குத்தி ஒரு கை பனங்குற்றியாய்ப் பருத்து நான் ஓய்வு பெற்றபோது, உடையார்கட்டுக் குளத்தின் கீழ்க் குடியேற்றத்தில் எனக்குக் காணி கிடைத்தது. புறப்படுகிற அன்று இன்னாசித்தம்பியின் மனைவி சூசையம்மா தன் கிணற்றடிப் புதினாவில் நாலு தண்டை வேரோடு எடுத்து, தேங்காய்ச் சிரட்டையில் ஈரமண்ணோடு வைத்து, இரண்டு கையாலும் தந்தா. இன்னாசித்தம்பி நந்திக்கடலில் வலை வீசுகிறவர். ஞாயிறுகளில் அவர் மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் அவர் வீட்டில் நான் குடித்த புதினாத் தேத்தண்ணீரை ஒன்றாய் ஊற்றினால் அந்தக் கடல் கரைபுரளும்.

பானையில் நட்டேன், பிடித்தது. கிள்ளக் கிள்ளத் தழைத்தது. தேத்தண்ணீருக்கும் சம்பலுக்கும் போக, என் பல்வலிக்கு மென்றேன். என் மனைவி அருந்ததி சேலைகளுக்கு நடுவில் காயவைத்துப் போட்டா. போன ஆவணியில் நாங்கள் இருவரும் நல்லூர்த் திருவிழாவுக்குப் போய்ப் பதினைந்து நாள் நின்றுவிட்டோம். திரும்பி வந்தபோது பானையில் இருந்தவை விளக்குமாற்றுக் குச்சிகள்.

அதை எழுத மனம் வரவில்லை. ஒவ்வொரு கடிதத்திலும் சூசையம்மா புதினாவைச் சுகம் விசாரிப்பா. நானும் முழங்கால் உயரம் என்றேன், இடுப்பு என்றேன், பிறகு யானை. கடிதத்தில் வளர்கிற செடிக்குத் தண்ணீர் தேவையில்லை பாருங்கள்.

மாசியில் சூசையம்மா காலமானா. இப்போது வைகாசியில் இந்தக் கடிதம்:

“செத்தவீட்டுக்கு வந்த சனம் மிதிச்சு அவளின்ரை புதினா ஒண்டுமில்லாமல் போச்சு. ஞாயிற்றுக்கிழமையிலை கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறன். உம்மட்டை அது காடாய் நிக்குதெண்டு எழுதினீர். ஒரு பிடி தாரும். சனிக்கிழமை முதல் பஸ்ஸிலை வாறன்.”

அருந்ததி கடிதத்தை வாங்கிப் படித்தா. “இஞ்சருங்கோ, யானையை மறைக்கிற புதினாவை எங்கை வைச்சிருக்கிறியள்? எனக்கும் ஒருக்காக் காட்டுங்கோவன்.”

“ஊரிலை எல்லாரும் எங்கடை பானையிலைதானே கிள்ளினவை? வாங்கிப்போடலாம்.”

“வாங்கிப் பாருங்கோ,” என்றா, வாய்க்குள் சிரித்துக்கொண்டு.

சிரித்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் குடியேற்றத்தில் புதினாவைக் கேட்டு வாங்குவது வழக்கமில்லை. கேட்டு வாங்கினால் பிடிக்காது. ஆள் பாராத நேரம் கிள்ளிக்கொண்டு போய் நட வேண்டும். கிள்ளினேன் என்று வாய்திறந்து சொன்னால் நின்ற செடியும் பட்டுப்போகும். ஆகவே ஊரில் அரைவாசிக் கிணற்றடிகளில் புதினா நின்றது. ஒன்றுக்காவது தாய் தகப்பன் கிடையாது.

முதலில் கனகலிங்கத்தின் வளவுக்குப் போனேன்.

“தம்பி, இது என்ரை பானையிலை எடுத்ததோ?”

“சீச்சீ! செட்டிகுளத்திலை அக்கா வீட்டிலையிருந்து வந்ததண்ணை.”

“உமக்கு அக்கா இருக்கிறாவோ?”

“இப்ப இருக்கிறா,” என்றான்.

தவராசாவின் புதினா பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது யாரோ கொடுத்ததாம். அடுத்த வளவு இராசமலர், கைப்பிள்ளையின் வயிற்றுவலிக்குப் புதினா அவித்துக்கொண்டே, “குருவி கொண்டந்து போட்டது ஐயா,” என்றாள். தண்டில் முளைக்கிற செடியை வேரோடு தூக்கி வரும் குருவி கழுகளவாவது இருந்திருக்கும்.

மூன்று வீட்டிலும் ஒவ்வோர் இலை வாங்கி வந்து முகர்ந்தேன். எல்லாம் ஒரே வாசம். மறுபடி முகர்ந்தேன், மூன்றும் வேறு வேறு. மத்தியானம் வரை முகர்ந்ததில் என் சுருட்டும் புதினா மணத்தது, சோறும் மணத்தது, அருந்ததியும் மணத்தா. ஒன்று உண்மையிலேயே செட்டிகுளத்துப் புதினாவாய் இருந்து, அதைச் சூசையம்மாவுடையது என்று கொடுத்துவிட்டால்? அந்த மனுசன் அதை நம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் குடிப்பாரே! என் யானையெல்லாம் ஒரு பொய்யா? இதுவல்லவோ பொய்.

சனிக்கிழமை வந்தது, பஸ் வந்தது, இன்னாசித்தம்பியும் வந்தார், பாதியாய் மெலிந்து, கையில் சூசையம்மா தந்த மாதிரியே ஒரு சிரட்டையோடு. நேரே கிணற்றடிக்குப் போனார். ஓணான் தலையை ஆட்டியது.

“காடு எங்கை காணும்?”

“யானை...” என்று தொடங்கினேன். அவர் கையிலிருந்த சிரட்டையைப் பார்த்ததும் மிச்சம் வரவில்லை. “பட்டுப்போச்சு இன்னாசி. போன ஆவணியிலேயே. எழுதினது முழுக்கப் பொய்.”

அவர் பானைக்குப் பக்கத்தில் குந்தினார்.

“அவள் உமக்கு அதைக் கையாலையோ தந்தவள்?”

“ஓம். ரண்டு கையாலையும்.”

“பிறகெப்பிடிக் காணும் நிக்கும்? அவளே அதைப் பங்குச் சுவாமியாற்றை தோட்டத்திலை களவாய்க் கிள்ளினவள். பாவசங்கீர்த்தனத்திலை அவரிட்டையே சொல்லப் போனவள், சொன்னால் பட்டுப்போமெண்டு அந்த ஒரு பாவத்தை மட்டும் விழுங்கிப்போட்டு வந்திட்டாள்!”

இந்த விதி எங்கள் குடியேற்றத்துக்கு மட்டும் உரியது என்றல்லவா நினைத்திருந்தேன்!

பக்கத்து வளவுக்கு அழைத்துப் போனேன். இராசமலர் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதை முழுவதையும் கேட்டாள். இன்னாசித்தம்பி ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தார்.

“இதுதானோ?” என்றேன்.

“தெரியேல்லை,” என்றார். “மூண்டு மாசமாச்சு. மறந்துபோச்சுக் காணும்.”

எனக்கும் தெரியாது. தெரிந்தவளாலோ வாயைத் திறக்க முடியாது. திறந்தால் பிள்ளையின் வயிற்றுவலி மருந்து பட்டுப்போய்விடும். இராசமலர் என்னைப் பார்த்தாள், செடியைப் பார்த்தாள், பிறகு வானத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“அந்தக் குருவி, ஐயா... போன ஆவணியிலை வந்தது. நீங்கள் நல்லூருக்கு வெளிக்கிட்ட அண்டு பின்னேரம்.”

இன்னாசித்தம்பி நிமிர்ந்தார்.

“நான் குசினிக்குள்ளை போறன். தேத்தண்ணி வைக்கக் கனநேரம் செல்லும்,” என்று திரும்பினாள். “தபால் ஐயா, நீங்களும் அங்காலை பாருங்கோ!”

நான் வேலியைப் பார்த்து நின்றேன். முதுகுக்குப் பின்னால் பொட்டுப் பொட்டென்று தண்டு ஒடிகிற சத்தம் கேட்டது. மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் கேட்டது.

தேத்தண்ணீர் குடிக்கும்போது சிரட்டையின் மேல் அவர் சால்வையைப் போட்டு மூடியிருந்தார். யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பிள்ளை மட்டும் பார்த்தது. அதற்கு இன்னும் பேச்சு வரவில்லை, நல்ல காலம்.

ஆடியில் கடிதம் வந்தது. புதினா தென்னை வட்டுக்கு மேல் போய்விட்டதாம். அதில் வள்ளம் கட்டுகிறார்களாம். எனக்குக் குழப்பம் பிடித்துக்கொண்டது. பிடித்திருக்கிறதா, அல்லது இவரும் என்னைப் போல் கடிதத்தில் வளர்க்கிறாரா? உறையைத் தலைகீழாய் உதறினேன். இரண்டு இலை விழுந்தது, பாதி வாடி, பாதி பச்சையாய்.

அருந்ததி எடுத்து முகர்ந்து பார்த்தா.

“தண்ணியைக் கொதிக்க வைக்கிறன்,” என்றா.