கடைசிப் பதினேழு நிமிடம்

குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்து டெல்பின் போனைத் திறந்தாள். கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். ஜெபமாலை மூன்றாம் பத்துக்கு வந்திருந்தது. பெற்ற மகள் அப்பனின் உடலை விட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்து ஜெர்மன் துப்பறியும் நாடகம் பார்க்கிறாள் என்று தெரிந்தால் ஊர் காறித் துப்பும். துப்பட்டும் என்றிருந்தது அவளுக்கு.

அந்த நாடகத்தின் கதை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்பா தேவதாசன் ஜெர்மன் கம்பெனிக் கப்பலில் பதினாறு வருடம் இன்ஜின் ரூம் எண்ணெயில் குளித்தவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில், ஹாம்பர்க்கில் மாலுமிகள் விடுதி டிவியில் பார்த்தது. கப்பல் முதலாளியின் மனைவி செத்துக் கிடக்கிறாள். புருஷன், தங்கச்சி, டாக்டர், துருக்கிக்கார டிரைவர் என்று நாலு பேர் மேல் சந்தேகம். இன்ஸ்பெக்டர் கோட்டை மாட்டிக்கொண்டு யாரையோ கைது செய்யக் கிளம்புகிற நேரம் பார்த்து, கப்பலிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டுவிட்டான். கொன்றது யார் என்று தெரியாமலே நாற்பது வருடத்துக்கு மேல் ஓட்டினார் மனுஷன். சாப்பிடும்போது அவர் இந்தக் கதையை ஆரம்பித்தால் டெல்பின் அரைக் காதில்தான் கேட்பாள்.

போன மாதம் துபாயிலிருந்து தம்பி கிளைட்டன் அதை யூடியூபில் தேடிப் பிடித்து அனுப்பினான். அப்பா பார்க்காமல் விட்டது கடைசிப் பதினேழு நிமிடம் என்று கணக்கும் போட்டுச் சொன்னான். அப்பாவுக்கு அந்தப் பாஷை தெரியும், கண்தான் போய்விட்டது. படத்தில் நடப்பதை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

"ஏளா, எப்பம்ளா போடுத?"

"ஞாயித்துக்கிழம பாப்பம்பா."

நாலு ஞாயிறு போயிற்று. துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் அவளுக்கு வேலை. கப்பலுக்கு ஏது ஞாயிறு? செவ்வாய்க்கிழமை காலை அவள் செருப்பை மாட்டும்போது அப்பா மறுபடி கூப்பிட்டார். மூச்சு இழுத்து இழுத்து வந்தது.

"கடைசிப் பதினேழு நிமிசந்தான்ளா. யாருன்னு மட்டுமாவது பாத்துச் சொல்லு."

"நான் பாத்துட்டேம்பா. டிரைவர்தான்."

வாயில் வந்த பேரைச் சொன்னாள்.

"நெசமாவா?"

"ஆமாப்பா. வாரேன்."

வண்டியைக் கிளப்பிப் போய்விட்டாள். வியாழன் மதியம் அவர் போய்விட்டார். அப்போதும் அவள் ஆபீசில்தான் இருந்தாள். கடைசிவரை பக்கத்திலிருந்து காதில் 'இயேசு மரி சூசை' சொன்னது அப்பாவின் தங்கை மெட்டில்டா அத்தைதான். இன்று காலை காப்பி டம்ளரைக் கையில் கொடுத்துக்கொண்டே அத்தை கேட்டாள்.

"ஏளா, அது யாரு டிரைவரு? அண்ணன் ரெண்டு நாளா அதே புலம்பல். 'அவனுமா இப்பிடிப் பண்ணிட்டான்'னு. சேசு நாமம் சொல்லுங்கண்ணேன்னா, 'நாப்பது வருசமா அவனுக்காவப் பேசினேனே மெட்டில்டா'ங்காவ."

காப்பி கையிலேயே ஆறியது. அரைக் காதில் கேட்டதெல்லாம் அப்போதுதான் முழுசாக வந்து நின்றது. கப்பலில் ஒருமுறை கேப்டனின் கைக்கடிகாரம் காணாமல் போனபோது அப்பாவின் பெட்டியை மட்டும் கிளறினார்கள். மறுநாள் அது கேப்டனின் கட்டிலுக்கடியிலேயே கிடந்தது. மன்னிப்புக் கேட்க ஒருத்தன் வரவில்லை. டிரைவர் கதையைச் சொல்லும்போதெல்லாம் அப்பா இதையும் சேர்த்தே சொல்வார். "அந்நிய ஊர்ல களவு போனா, வந்தவன் பெட்டியத்தான் முதல்ல தொறப்பானுவ. அவன் செஞ்சிருக்க மாட்டான்ளா." நாலு பேர் இருந்தார்கள். போயும் போயும் அந்தப் பேர்தான் அவள் வாயில் வந்திருக்கிறது.

போனில் அந்தப் பதினேழு நிமிடம் ஓடியது. கீழே ஆங்கில எழுத்து வந்து வந்து போயிற்று. இன்ஸ்பெக்டர் முதலில் டிரைவரின் அறைக்குத்தான் போனார். அவனாகவே இருந்துவிடட்டும், சொன்ன பொய் மெய்யாகிவிடும் என்று ஒரு கணம் வேண்டினாள். அப்படி வேண்டிக்கொண்டதற்காக உடனே தன்மேலேயே வெறுப்பு வந்தது. இன்ஸ்பெக்டர் அவனிடம் ஏதோ ஒரு சாவியை வாங்கிக்கொண்டு நேரே டாக்டர் வீட்டுக்குப் போனார். டாக்டர் மறுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எழுந்து வந்தார். டிரைவர் தெருவில் நின்று கார் மேல் விழுந்த பனியை வழித்துக்கொண்டிருந்தான். அவனிடமும் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அத்தை கதவைத் தட்டினாள்.

"ஏளா, பங்குச் சாமியார் வந்துட்டாவ. பெட்டிய மூடப் போறாவ. முத்தி செய்ய வா."

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். குனிந்து அப்பாவின் நெற்றியில் முத்தமிட்டாள். அப்படியே வாயைக் காதருகே கொண்டுபோனாள். காதில் பஞ்சு அடைத்திருந்தது. அவள் விரல் தானாக அதை எடுக்கப் போயிற்று.

அத்தை கையைப் பிடித்துக்கொண்டாள். "அத எடுக்கக் கூடாதுளா."

"ஒரு வார்த்த சொல்லணும் அத்த."

"பஞ்சுக்கு மேலயே சொல்லு."

"டிரைவர் இல்லப்பா," என்றாள் டெல்பின். "அவன் செய்யல."

பெட்டியின் மூடியைத் தூக்கிப் பிடித்தபடி இரண்டு பேர் காத்து நின்றார்கள். அவள் நிமிரவில்லை. அதையே மறுபடியும் சொன்னாள், இன்னும் கொஞ்சம் சத்தமாக.